ஒரு மா நிலமும் ஒரு கோனோவீடரும்

நாலு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கிலோ அரிசி உலையில் விழுந்தால் வருஷத்துக்கு 365 கிலோ. உமியும் தவிடும் குருணையும் கழிவதையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கு ஏறக்குறைய 580 கிலோ நெல் வேண்டும். 60 கிலோ மூட்டையில் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. தஞ்சைப் பக்கத்தில் சுமாராகப் போகும் சம்பா வயல் ஏக்கருக்கு 25 முதல் 30 மூட்டை காணும். அப்படியானால் ஒரு குடும்பத்தின் சோற்றுக்கு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

டெல்டாக்காரர்களிடம் அந்த அளவுக்கு ஒரு பெயர் உண்டு: மா. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பத்திரங்களில் ஏக்கரும் சென்ட்டும் வந்துவிட்டாலும் வரப்பில் நின்று பேசும்போது இன்றும் மாக் கணக்குதான். சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்துக்கொண்டு, பாகம் பிரிந்து வந்த துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு, “நம்ம வீட்டு அரிசியை நாமே விளைவிக்க முடியுமா” என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. பெரும்பாலும் அவர்களிடம் இருப்பதும் ஒரு மா, இரண்டு மாதான்.

முடியும். ஆனால் எந்த வேலை உங்கள் முதுகில் விழும் என்பது முதலில் தெரிய வேண்டும். உழவுக்கு டிராக்டர் வாடகைக்கு வரும். அறுவடைக்கும் மிஷின் வரும். ஒரு மாவுக்கென்று தனியாக வராது, பக்கத்து வயல் அறுக்கும் நாளில் சேர்ந்துகொள்ள வேண்டும். நடவைக் கும்பலாக வந்து ஒரு பொழுதில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது களை. கோரையும் ஆராக்கீரையும் கையாந்தகரையும் கண்ணுக்குத் தெரியும், பிடுங்கிவிடலாம். நெல்லைப் போலவே நிற்கும் புல்லை இளம் பருவத்தில் பிரித்துப் பார்ப்பதற்கே பழகிய கண் வேண்டும். ஒரு மாவுக்குக் களை பறிக்க ஆள் தேடுவது கல்யாணத்துக்கு மண்டபம் தேடுவதைவிடக் கஷ்டம். களைக்கொல்லி தெளிப்பதற்கு, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று விதைத்தவர்களுக்கு மனம் வராது. இந்த இடத்தில்தான் கோனோவீடர் என்ற கருவி உதவிக்கு வருகிறது.

எஞ்சின் கிடையாது, எண்ணெய் கிடையாது. ஒரு நீண்ட கைப்பிடி, அதன் அடியில் முன்பக்கம் சேற்றில் வழுக்கிப்போகும் ஒரு தகட்டு மிதவை, அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு உருளைகள், அவ்வளவுதான். மிதவை இல்லாவிட்டால் நம்ம ஊர்க் களிமண்ணில் கருவி முழங்கால் ஆழத்துக்குப் புதைந்துவிடும். அதன் கோணத்தை மாற்றி எவ்வளவு ஆழம் கிளற வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகிப் பல நாடுகளுக்கும் போன வடிவம் இது. இப்போது நம் ஊர்ப் பட்டறைகளிலேயே செய்கிறார்கள்.

விஷயம் அந்த உருளைகளின் வடிவத்தில் இருக்கிறது. அவை நேர் உருளைகள் அல்ல, நுனி வெட்டிய கூம்புகள். கடலைப் பொட்டலத்தைத் தரையில் உருட்டிவிட்டால் நேராகப் போகாமல் வட்டமடிக்கும். அகலமான வாய் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது, குறுகிய முனை கொஞ்சமே போகிறது என்பதுதான் காரணம். கோனோவீடரில் ஒரு கூம்பின் அகலப் பக்கம் இடப்புறம், மற்றதன் அகலப் பக்கம் வலப்புறம். இரண்டும் எதிரெதிராகத் திரும்பப் பார்க்கின்றன. கைப்பிடி திரும்ப விடாமல் நேராகத் தள்ளுகிறது. உருண்டு தணிய முடியாத அந்த வேகம் மேல்மண்ணைப் பக்கவாட்டில் அரைக்கிறது. கூம்பின் மேல் ஒன்றுவிட்டு ஒன்றாக வழவழப்பான தகடும் பல் வைத்த தகடும் இருக்கும். களை வேரோடு பெயர்ந்து, மடங்கி, அங்கேயே சேற்றுக்குள் அமுங்கிவிடும். பறித்து வரப்பில் போட வேண்டிய களை அங்கேயே உரமாகிறது.

ஆனால் கருவி போக வழி வேண்டும். இஷ்டத்துக்கு நட்ட வயலில் கோனோவீடரை இறக்கினால் களையைவிடப் பயிர்தான் அதிகம் சாகும். அதனால் இது ஒற்றை நாற்று நடவோடு ஒட்டிப் பிறந்தது போலத்தான். சதுரமாக, 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து, குத்துக்கு ஒரே நாற்று, 14 அல்லது 15 நாள் வயசு. ஒரு மாவுக்கு சுமார் 26 ஆயிரம் குத்து வரும். விதை ஒரு கிலோ இருந்தால் தாராளம். வழக்கமான நடவுக்கு 8, 10 கிலோ போகும். நாற்றங்காலும் சிறிசு. பாலிதீன் ஷீட்டை விரித்து, எருவும் மண்ணும் கலந்து நாலு சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்பி, முளைகட்டிய விதையைத் தூவும் பாய் நாற்றங்கால். நடவு வயலில் நூற்றில் ஒரு பங்கு போதும். ஒரு மாவுக்கு ஒரு குழி நாற்றங்கால் என்று பழைய அளவில் சொன்னால் மறக்காது.

அவ்வளவு சின்ன நாற்றை ஏன் நட வேண்டும்? நெல்லில் பக்கச் சிம்பு இலைக்கக்கத்திலிருந்துதான் கிளம்பும். நாலைந்து இலை விடும் சமயத்தில் அந்த வேலை தொடங்குகிறது. 25, 30 நாள் நாற்றாகப் பிடுங்கி, வேரைக் கழுவி, முடிச்சாகக் கட்டி, ஒரு இரவு போட்டு நட்டால், சிம்பு வெடிக்கிற நேரத்தில் பயிர் பிழைத்துக்கொள்வதற்கே பாடுபடுகிறது. பாயிலிருந்து மண்ணோடு பெயர்த்த இளநாற்று விதை ஒட்டியபடியே வயலுக்குப் போகும். பெயர்த்த அரை மணிக்குள், ஆழமாக அழுத்தாமல், வயலில் சதுரமாகப் போட்ட கோடுகள் குறுக்கிடும் இடத்தில் வேர் படுக்கையாக இருக்கும்படி வைத்துவிட வேண்டும். அது திகைத்து நிற்பதில்லை. அகல இடைவெளியும் வெளிச்சமும் கிடைத்தால் ஒரே நாற்று 30, 40 சிம்பு வெடிப்பதைப் பார்க்கலாம்.

இதில் புதுமை என்று சொல்வதற்கு அதிகமில்லை. சென்னை மாகாண வேளாண் துறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒற்றை நாற்றைப் பரப்பப் பார்த்தது. 1911 வாக்கில் ‘கஜ நடவு’ என்று அகல இடைவெளி நடவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள். 1980களில் மடகாஸ்கரில் ஆன்ரி தெ லொலானியே என்ற பாதிரியார் நெருக்கடியில் 15 நாள் நாற்றை நட்டுவிட்டு, அது தூர் கட்டியதைக் கண்டு அசந்து, ஒரு முறையாகவே வகுத்தார். அது உலகம் சுற்றி, 2000க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காவிரி, தாமிரபரணிப் பாசனத்தில் உழவர் வயல்களிலேயே சோதித்தது. 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவை ஒட்டி, அரசு இந்த முறைக்கு ‘ராஜராஜன் 1000’ என்று பெயர் வைத்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த எக்டேருக்கு 15 டன் போன்ற கணக்குகளை நெல் விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. நாமும் ஏற்க வேண்டியதில்லை. ஒரு மாவில் பத்து மூட்டை கண்டால் நமக்கு அது போதும்.

நட்ட முதல் பதினைந்து நாள் வயலைப் பார்க்கச் சகிக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை நூல் நின்றதுபோல வெறிச்சென்று கிடக்கும். வரப்பில் போகிற பெரியவர் யாராவது நின்று, “என்ன தம்பி, நட்டியா, கோலத்துக்குப் புள்ளி வச்சியா?” என்று கேட்பார். சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான். பத்தாம் நாள் கோனோவீடரை இறக்குங்கள்.

வயலில் அரை அங்குலம், ஒரு அங்குலம் தண்ணீர் இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் உருளை சுற்றாது, களிமண் அப்பிக்கொள்ளும். அதிகம் நின்றால் பெயர்ந்த களை மிதந்துபோய் வேறிடத்தில் வேர் பிடிக்கும். நேராகத் தள்ளிக்கொண்டே போகக் கூடாது. இரண்டடி முன்னே தள்ளி, ஓரடி பின்னே இழுத்து, மறுபடி தள்ள வேண்டும். கூம்புகள் அரைப்பது இந்தப் போக்குவரத்தில்தான். தள்ளும்போது சேற்றிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பும், லேசாக அழுகிய முட்டை வாடை வரும். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய வாயு வெளியேறி, மண் மூச்சு விடுகிறது. ஒரு மாதம் கழித்து ஒரு குத்தைப் பிடுங்கி, எந்நேரமும் தண்ணீர் கட்டிய வயலின் குத்தோடு வைத்துப் பாருங்கள். அதில் வேர் துருப்பிடித்த நிறம், இதில் வெள்ளை வேர் கற்றையாக இருக்கும். பின்னாலேயே வரும் கொக்குகளுக்கு வேறு கணக்கு. கிளறிய சேற்றில் அவற்றுக்குப் புழு.

உழைப்பையும் சொல்லிவிட வேண்டும். 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு மாவின் வரிசைகளை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். இதை முன்னும் பின்னுமாகச் சேற்றில் நடக்க வேண்டும். பத்து நாளுக்கு ஒரு தடவை, ஒரு தடவை நெடுக்கில், மறுதடவை குறுக்கில், நாலு சுற்று. பழகிய ஆள் ஒரு நாளில் 40 சென்ட்டுக்கு மேல் ஓட்டிவிடுவார். அலுவலகத்தில் உட்கார்ந்து பழகியவருக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு, மூன்று காலைப்பொழுது பிடிக்கும். தோளும் உள்ளங்கையும் அதைச் சொல்லும். குத்துக்கு ஒட்டி முளைத்த களையைக் கருவி தொடாது. அதைக் குனிந்து கையால்தான் எடுக்க வேண்டும்.

பெரிய விவசாயிகள் பலர் இதைக் கைவிட்டதற்கு இந்த உழைப்பு ஒரு காரணம். ஐந்து ஏக்கருக்கு ஒரு சுற்றுக்கே ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளுவது யாருக்கும் முடியாது. களை பறிப்பு டெல்டாவில் பெண்களின் வேலை. இந்தக் கனத்த கருவி வந்த வயல்களில் அது ஆண்கள் கைக்குப் போனதும், பல பெண்களுக்கு அந்தக் கூலி நின்றுபோனதும் யாரும் அதிகம் பேசாத பக்கம். இன்று எத்தனையோ வீட்டு மாட்டுக்கொட்டகையில் கோனோவீடர் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கிறது. கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

இன்னொரு காரணம் தண்ணீர். ஒற்றை நாற்றுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும்: மயிரிழை வெடிப்பு விட்ட பிறகு ஒரு அங்குலம் கட்டுவது. டெல்டாவில் பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல்தான் பாய்கிறது. மேல்வயல்காரர் மடையைத் திறந்தால் உங்கள் வயல் வழியாகத்தான் கீழ்வயலுக்குப் போகும். நீங்கள் காயப்போட நினைத்த நாளில் முழங்கால் தண்ணீர் நிற்கும். வாய்க்காலை ஒட்டிய வயல், அல்லது ஓரமாகத் தனி வடிகால் வெட்ட முடிந்த வயல்தான் இதற்குத் தோது. வயல் சமமாக இருப்பதும் அதே அளவுக்கு முக்கியம். பரம்படிக்கும் நாளில் கூடவே நில்லுங்கள். மேடு பள்ளம் விட்டால் பள்ளத்தில் இளநாற்று மூழ்கிச் சாகும், மேட்டில் கோரை மண்டும்.

பருவத்துக்குச் சம்பாதான் நல்லது. குறுவை மேட்டூர் அணை ஜூன் 12இல் திறப்பதைப் பொறுத்தது. ஒரு வருஷம் திறக்கும், ஒரு வருஷம் திறக்காது. ஆகஸ்ட் நடுவில் விதைவிட்டு மாதக் கடைசிக்குள் நட்டால், அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குள் நாலு சுற்றும் முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது பயிர் தூர் கட்டி, இடைவெளியை மூடிக்கொண்டு நிற்கும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற 160 நாள் ரகம் தைப் பொங்கலை ஒட்டி அறுப்புக்கு வரும். பாரம்பரிய ரகங்களுக்கு மகசூல் குறைவு, உயரம் அதிகம், சாய்ந்துவிடும். அகல நடவில் தண்டு கொஞ்சம் தடிக்கும் என்பது ஆறுதல். வைக்கோல் அதிகம் கிடைப்பது மாடு வைத்திருப்பவர்களுக்கு லாபம். விதைக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கம் போகலாம். 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் அங்கே 170க்கும் மேற்பட்ட ரகங்களைச் சேர்த்து, 2 கிலோ விதை வாங்கியவர் மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரும் வழக்கத்தை நடத்திக் காட்டியவர்.

கதிர் பால் பிடிக்கும்போது எலி வரும். விஷம் வைக்காதீர்கள், ஆந்தையும் சேர்ந்து சாகும். மூங்கிலில் செய்த தஞ்சாவூர்க் கிட்டி வைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அறுத்த நெல்லை ஈரத்தோடு மூட்டை கட்டக் கூடாது. கடித்தால் ‘டக்’கென்று உடையும்வரை காயப்போட்டு, நொச்சி இலை போட்டு வைத்தால் அடுத்த தை வரை தாங்கும்.

ரேஷனில் விலையில்லா அரிசி கிடைக்கும் மாநிலத்தில், உங்கள் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இந்த அரிசி மிச்சமாகாது. பணம் மிச்சம் பண்ண நினைப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். எந்த விதை, எந்த எரு, எப்போது அறுத்தது என்று தெரிந்த சோற்றைச் சாப்பிடவும், வருஷத்தில் நாற்பது நாள் விடியற்காலையில் சேற்றில் இறங்கவும் ஆசை இருந்தால் இறங்கலாம். முதல் வருஷம் ஒரு மாவுக்கு மேல் வேண்டாம். கருவி வாங்குவதற்கு முன்னால் மேல்வயல்காரரையும் கீழ்வயல்காரரையும் போய்ப் பார்த்து, தண்ணீர் விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வயலில் வழக்கம்போலவே நட்டுவிடுங்கள்.