கண் காத்திருக்குமா?

ஊரை விட்டு வடக்கே வந்து தில்லியில் குடியேறிய நம் குடும்பங்களில், முதியோரின் வாழ்வு பெரும்பாலும் கண்ணை நம்பியே நடைபெறுகிறது. மகனோடு தங்க வந்த தாய்க்கு இந்தி எழுத்துத் தெரியாது; பேச்சும் அரைகுறை. காய்கறிக் கடையையும் கோயிலுக்குத் திரும்பும் தெருவையும் அவர் அடையாளம் கண்டுகொள்வது ஒரு வாயிற்கதவின் நிறத்தைக் கொண்டும் கடைக்காரரின் முகத்தைக் கொண்டுந்தான். அந்த நிறம் மங்கி, அந்த முகம் பனியில் மறைந்தாற்போல் ஆகிவிட்டால், பிறரை வழி கேட்டு நடக்க அவருக்கு மொழித்துணையும் இல்லை. மெல்ல மெல்ல வீட்டினுள்ளேயே அடைந்துவிடுகிறார். “வயதாகிவிட்டது, வெளியே போக மனமில்லை” என்று அவர் சொல்கிறார், நாமும் நம்பிவிடுகிறோம். பல வீடுகளில் உண்மையான காரணம் முதுமையன்று, கண்புரையே.

கண்ணுக்குள் ஒளியைக் குவிக்கும் வில்லை பளிங்குபோல் தெளிவாக இருக்க வேண்டியது. வயது ஏற ஏற அது கலங்குகிறது. இதுவே புரை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது முன்னதாகவே வருவதுண்டு. சொட்டு மருந்தாலோ பத்தியத்தாலோ கலங்கிய வில்லை தெளிவதில்லை. அதனை அகற்றிவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்துவதே சிகிச்சை. 1949-இல் லண்டனில் ஹரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் முதன்முதலாக இவ்வாறு ஒரு வில்லையைப் பொருத்தினார். இன்று இந்த அறுவை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அன்றே வீடு திரும்பலாம். “புரை முற்றட்டும், பிறகு பார்ப்போம்” என்பது பழைய முறைக்குப் பொருந்திய பேச்சு. இக்காலத்தில் அவ்வாறு காத்திருந்தால் வில்லை கெட்டிப்பட்டு அறுவை கடினமாகும். அளவுக்கு மீறி முற்றினால் கண்ணில் அழுத்தம் ஏறி, மீளாத பார்வைக் கேடும் நேரக்கூடும்.

இவ்வளவு எளிய சிகிச்சைக்கு ஏன் தாமதம் நேருகிறது? செலவுதான் காரணம் என்பர் சிலர். இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறோமே, பிறகென்ன என்பர் வேறு சிலர். இந்த இரண்டாவது விடையைத்தான் சற்றே ஆராய வேண்டியிருக்கிறது.

ரயிலில் செல்பவர், சீட்டில் எந்த வண்டி, எந்தத் தேதி என்று இருமுறை பார்க்காமல் நிலையத்துக்கு வருவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? தனியாக வாங்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை கண்புரைக்குக் காத்திருப்புக் காலம் வைத்திருக்கின்றன. வழக்கமாக அது இரண்டு ஆண்டு. அதற்குள் செய்துகொண்ட அறுவைக்குப் பணம் கிடையாது. அதன் பிறகும் உச்சவரம்பு உண்டு. எடுத்துக்காட்டாக, 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு வழங்கத் தொடங்கிய ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், ஒரு கண்ணுக்கு, காப்புத் தொகையில் நான்கில் ஒரு பங்கு அல்லது 40,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே தரப்படும் என்று விதித்தார்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் பார்வை தரும் விலையுயர்ந்த வில்லைகளுக்கு ஆகும் மிகைச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக இளைஞர் செய்துகொள்ளும் லேசர் சிகிச்சைக்கோ, குறைபாடு 7.5 டயாப்டருக்குக் கீழ் இருந்தால் பணம் கிடைப்பதில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்வோம். மகன் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், பொறுப்பானவர். தாயார் ஊரிலிருந்து வந்ததும் அவர் பேருக்கு முதல் வேலையாகப் பாலிசி எடுத்தார். பதினான்காம் மாதத்தில் தாயாருக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்தது. நிறுவனத்தைக் கேட்டார், இரண்டு ஆண்டு முடியவில்லை, பணம் தர இயலாது என்று விடை வந்தது. விதியின்படி அது சரியான விடையே. “இன்னும் பத்து மாதம்தானே, பொறுத்துக்கொள்வோம்” என்று வீட்டில் முடிவு செய்தார்கள். ஏழாம் மாதம் ஒரு விடியற்காலையில், குளியலறை வாயிற்படி தெரியாமல் அம்மையார் இடறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. விபத்துக்குக் காத்திருப்புக் காலம் இல்லையாதலால், எலும்புச் சிகிச்சைக்கான பணத்தை அதே நிறுவனம் மறுக்காமல் கொடுத்தது. ஆனால் பழைய நடை திரும்பவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், புரை அறுவையை இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரி இருந்தது. அந்தப் பத்து மாதத்தில் அதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இன்ஷூரன்ஸின் காலக்கணக்கு வேறு, கண்ணின் காலக்கணக்கு வேறு. பாலிசி எடுப்பது நல்லதே. நாம் அதைக் குறை கூறவில்லை. பாலிசி பணம் தரும் நாளுக்காகக் கண்ணைக் காக்க வைப்பது தவறு என்பதே நாம் சொல்ல வந்தது. ஏனெனில், இந்த நோய்க்கு மட்டும் நம் நாட்டில் வேறு வாயில்களும் திறந்திருக்கின்றன.

முதல் வாயில் அரசாங்க ஆஸ்பத்திரியும் தரும ஆஸ்பத்திரியும். பார்வையிழப்பைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 1976-இலேயே தொடங்கிற்று. இத்தலைநகரில், 1967-இல் நிறுவப்பட்ட ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ நிலையம் இருக்கிறது. குரு நானக் கண் மருத்துவ நிலையம் இருக்கிறது. தரியாகஞ்சில் ஷ்ராஃப் தரும கண் மருத்துவமனை இருக்கிறது. இலவசம் என்றால் தரம் தாழ்ந்தது என்று அஞ்சுவோர் மதுரையை நினைக்க வேண்டும். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுப்பவர் கொடுக்க, கொடுக்க இயலாதவருக்கு இலவசம் என்பதே அதன் முறை. அயல்நாட்டு வில்லை ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், 1992-இல் ஆரோலேப் என்னும் தொழிற்சாலையை அவர்கள் அமைத்து மதுரையிலேயே வில்லை செய்யத் தொடங்கினர், விலையும் இறங்கியது.

இரண்டாம் வாயில் அரசாங்கக் காப்புத் திட்டங்கள். 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பு அளிக்கிறது. இதில் காத்திருப்புக் காலம் இல்லை. முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே இடமுண்டு. 2024 அக்டோபர் முதல், 70 வயது நிறைந்த எவரும் வருமானக் கணக்கின்றி இதில் சேரலாம். ஆதார் அட்டையில் உள்ள வயதே போதும். தனியார் பாலிசி வைத்திருப்பதும் தடையன்று. தில்லி 2025 ஏப்ரலில் இத்திட்டத்தில் சேர்ந்தது. ஆயினும் எந்த ஆஸ்பத்திரியில் புரை அறுவையை இந்த அட்டையின்கீழ்ச் செய்கிறார்கள் என்பதை 14555 என்ற எண்ணில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நலம். ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளர் தம்மைச் சார்ந்த பெற்றோருக்கு அங்கே சிகிச்சை கேட்கலாம். அலுவலகம் எடுத்துத் தரும் குழுப் பாலிசியில் பெற்றோரைச் சேர்க்க இடமிருந்தால், அதில் பல வேளைகளில் இரண்டாண்டு விதி தளர்த்தப்பட்டிருக்கும். அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டாலே தெரிந்துவிடும்.

பணம் நியாயமின்றி மறுக்கப்பட்டதாகக் கருதுவோர், முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். முப்பது நாளில் தக்க விடை வராவிடின் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணமோ வக்கீலோ வேண்டியதில்லை.

அறுவையை ஊரிலே செய்வதா, இங்கே செய்வதா என்பதும் நமக்கே உரிய கேள்வி. அறுவைக்கு மறுநாளும், பிறகு ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் மருத்துவர் பார்க்க வேண்டும்; சொட்டு மருந்து சில வாரங்களுக்கு நாள்தோறும் விட வேண்டும். ஆகையால் அந்த ஒரு மாதம் யார் அருகில் இருப்பார்களோ அந்த இடமே சரியான இடம். ஊரில் அறுவை முடித்துவிட்டு, விடுமுறை தீர்ந்ததென்று இரண்டாம் நாளே கூட்ட வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது கூடாது.

இன்னொன்று. மங்கிய பார்வையெல்லாம் புரையன்று. கண் அழுத்த நோயும், நீரிழிவால் விழித்திரைக்கு வரும் கேடும் ஓசையின்றி வருபவை. புரையால் மங்கிய பார்வை பெரும்பாலும் மீளும்; அழுத்த நோயால் போன பார்வை மீளாது. ஆகவே இது புரைதான் என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு நாள் கடத்தலாகாது.

நம் சங்கம் இதில் செய்யக்கூடியது பெரிய நிதி திரட்டுவதன்று. இலவச ஆஸ்பத்திரியில் பணம் கேட்பதில்லை. ஆனால் சீட்டு எழுதும் இடத்தில் இந்தியில் பேச வேண்டும், அறுவை நாளில் ஒருவர் உடனிருக்க வேண்டும். மகனுக்கு விடுப்புக் கிடைக்காத நாளில், இந்தி தெரிந்த ஓர் அன்பர் அந்த முதியவரோடு காலையில் சென்று மாலையில் திரும்பினால் போதும். பகுதிக்கு இருவராகப் பெயர் கொடுக்க முன்வந்தால், பட்டியலைச் சங்க அறையிலேயே ஒட்டிவைக்கலாம்.

அதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒன்று செய்து பார்க்கலாம். தாயாரை நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, எதிர்ச்சுவரில் தொங்கும் நாட்காட்டியின் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள்; பிறகு மற்றக் கண்ணை மூடி. ஒரு கண் நன்றாக இருந்தால் மறு கண்ணின் குறை அவருக்கே தெரியாமல் இருந்திருக்கும். தேதி தெரியவில்லை என்று அவர் சொன்னால், பாலிசியைத் தேடுவது பிறகு ஆகட்டும். முதலில் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.