எடைக்குப் போடும் முன் ஒரு நிமிஷம்!

பொங்கலுக்கு முன்பு பரணைச் சுத்தம் செய்தால், பழைய வீடுகளில் பெயர் தெரியாத பித்தளை, செம்புச் சாமான்கள் நாலைந்தாவது அகப்படும். தேய்த்து வைக்க நேரமில்லை, வைக்க இடமுமில்லை. பழைய பாத்திரக்காரர் குரல் கேட்டதும் மொத்தமாகத் தராசில் ஏற்றி விடுகிறோம். போன சாமான் திரும்பி வராது. அது என்னவென்று சொல்லக்கூடிய பெரியவர்களும் எத்தனை நாள் நம்மோடு இருப்பார்கள்?

எங்கள் பரணிலிருந்து இறக்கியதில் ஐந்து சாமான்கள் எனக்கும் என் நாத்தனாருக்கும் பிடிபடவே இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரின் அக்காவிடம் கொண்டு போனோம். அவருக்கு 84 வயது. பார்வை மங்கல். ஒவ்வொன்றாக வாங்கித் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டார்.

முதலாவது, அடியில் ஊசித்துளை உள்ள சிறு செம்புக் கிண்ணம். "ஓட்டைக் கிண்ணம் பெரியம்மா, போட்டுடலாமா?" என்றாள் நாத்தனார்.

"ஓட்டை இருந்தாத்தான்டி இதுக்கு வேலையே!" என்று சிரித்தார்.

அது நாழிகை வட்டில். தண்ணீரில் மிதக்கவிட்டால் துளை வழியே நீர் ஏறி, ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிஷத்தில் மூழ்கிவிடும். அப்படி 60 நாழிகை சேர்ந்தது ஒரு நாள். குழந்தை பிறந்த நேரத்தை ஜாதகத்துக்குக் குறிக்க எங்கள் வீட்டில் இதைத்தான் வைத்துக்கொண்டார்களாம். என் பையன் கடிகாரத்தோடு சோதித்துப் பார்த்தான். 22 நிமிஷத்தில் மூழ்கியது. துளை கொஞ்சம் தேய்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வளையத்தில் கொத்தாகத் தொங்கிய இரும்புக் கொக்கிகள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி! தெருவில் ஒரு வீட்டில்தான் இருக்குமாம். இரவல் கேட்டால் ஒரு செம்பை அடகாக வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்களாம்.

மூன்றாவது, ஒரே வளையத்தில் கோத்த முள்வாங்கி, பல்குத்தி, காதுக் குறும்பி எடுக்கும் சின்னக் கரண்டி. முள்வாங்கி இன்றும் உதவும். காதுக் கரண்டி மட்டும் வேண்டாம். குழந்தை தலையைத் திருப்பினால் செவிப்பறையே கிழிந்துவிடும்.

நான்காவது, மூக்கு நீண்ட சிறு கிண்ணம்: பாலாடை. இளம் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். எடை குறைந்து பிறந்து, உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிகளில் இன்றும் தாய்ப்பாலைப் பாலாடையில்தான் புகட்டுகிறார்கள். ஆனால் பரணிலிருந்து எடுத்த பித்தளைப் பாலாடை வேண்டாம். எவர்சில்வரில் வாங்கிக் கொதிநீரில் போட்டு எடுங்கள். குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அழும்போதோ மூக்கைப் பிடித்தோ ஊற்றினால் பால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

ஐந்தாவது, மங்கிப்போன சொம்பு. அதை மட்டும் பெரியம்மா இரண்டு மூன்று முறை திருப்பித் திருப்பித் தடவினார். "ஈயம்தான். ஆனா எந்த ஈயம்னு கை சொல்லலியே" என்றார்.

அதுதான் முக்கியம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. 232 டிகிரி சூட்டிலேயே உருகும் என்பதால்தான் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுகிறோம். காரீயமோ விஷம்; சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். காரீயத்தை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் கறுப்பாகக் கோடு விழும். கோடு விழாவிட்டாலும் காரீயம் கலக்கவில்லை என்று நம்பிவிடக் கூடாது. நாங்கள் அந்தச் சொம்பை அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டோம். சமையலுக்குப் புதிதாக, நம்பகமான கடையில் வாங்கினோம்.

பித்தளைப் பாத்திரத்தில் உட்புற ஈயப்பூச்சு போயிருந்தால் புளி, மோர் எதுவும் ஊற்றாதீர்கள். செம்பு கரைந்து குமட்டல், வாந்தி வரும்.

உங்கள் பரணை இறக்கும்போது இவற்றைச் செய்யுங்கள்:

• உடனே புளி போட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர், வருஷம், முத்திரை இருக்கலாம்.

• எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கை பிடித்த இடமும், உரசிய இடமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

• காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. பித்தளை, செம்பு, ஈயம் ஒட்டாது.

• வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுத்துக் கேளுங்கள். சொல்வதை ஒரு சீட்டில் எழுதி, சாமானிலேயே கட்டி வையுங்கள்.

• என்ன உலோகம் என்று தெரியாத எதிலும் குழந்தைக்கு ஆகாரம் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு வேண்டாமென்று தோன்றினால், தாராளமாக எடைக்குப் போடுங்கள். எதைப் போடுகிறோம் என்பதாவது தெரிந்திருக்குமே!