அப்பப்பா எந்தப் படையணியில் இருந்தார்?



ஒவ்வொரு வருடமும் நவம்பர் 11ஆம் திகதி நெருங்கும்போது எங்கள் பிள்ளைகள் பொப்பி மலர் குத்திக்கொண்டு பள்ளிக்கூடத்தால் வருகிறார்கள். "எங்கட ஆக்களிலையும் ஆரும் யுத்தத்துக்குப் போனவையோ?" என்று கேட்கிறார்கள். நாங்கள் நினைப்பதைவிட அதிகமான வீடுகளில் இதற்குப் பதில் "ஓம்" என்பதுதான். இரண்டாம் உலகப் போரில் இலங்கைத் தமிழர்கள் அன்றைய சிலோன் டிபென்ஸ் போர்ஸில் இருந்தார்கள். பிரித்தானியப் படையோடு எகிப்துக்குப் போனவர்களும் உண்டு. மலாயாவில் இருந்த தமிழர்கள் பலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள்.

இந்தக் கதைகள் ஏன் மறைந்தன? எங்கள் தலைமுறைக்கு "ஆமி" என்ற சொல்லே பயத்தைத் தருவது. ஆகவே அப்பப்பா ஆமியில் இருந்தவர் என்பதைப் பெரியவர்கள் பேசாமல் விட்டார்கள். படங்களும் கடிதங்களும் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. ஆனால் அவர் சேர்ந்தது வேறொரு காலத்துப் படை. 1910இல் தொடங்கிய அந்தப் படை 1949இல் கலைக்கப்பட்டு, அதே வருடம் ஒக்ரோபர் 10ஆம் திகதி புதிய இலங்கை இராணுவம் உருவானது.

இப்போது தேடத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஆளைத் தேடுவதற்கு முதல் அவரின் படையணியைத் தேடுங்கள். சாதாரண சிப்பாயின் பெயர் வெளியில் கிடைக்கும் ஆவணங்களில் அரிதாகவே வரும். அவர் இருந்த அணியின் பெயர் வரும்.

இங்கே எங்கள் தமிழே ஒரு சிக்கலைத் தருகிறது. இத்தனை வருடமும் செய்திகளில் "படையணி", "படைப்பிரிவு" என்ற சொற்களைக் கேட்டுப் பழகிவிட்டோம். முப்பது பேரும் படைப்பிரிவுதான், பத்தாயிரம் பேரும் படைப்பிரிவுதான். செய்திக்கு அது போதும், தேடலுக்குப் போதாது. எனவே பழைய கடதாசியில் உள்ள சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதி வையுங்கள்.

காலாட்படையின் அடுக்கு கிட்டத்தட்ட இப்படி. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு செக்சன். அதற்குப் பொறுப்பு ஒரு கோப்ரல். மூன்று செக்சன் சேர்ந்தால் ஒரு பிளற்றூன். சில பிளற்றூன்கள் சேர்ந்து, நூறுக்கு மேற்பட்டவர்களைக் கொண்ட கம்பனி. சில கம்பனிகள் சேர்ந்து, ஏறக்குறைய எண்ணூறு பேர் கொண்ட பற்றாலியன். அதற்குப் பொறுப்பு லெப்டினன்ற் கேணல். மூன்று பற்றாலியன் ஒரு பிரிகேட். மூன்று பிரிகேட் ஒரு டிவிசன்.

இதில் றெஜிமென்ற் எங்கே என்று கேட்பீர்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. பிரித்தானியக் காலாட்படையில் றெஜிமென்ற் என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. சிலோன் லைற் இன்பன்ரி ஒரு றெஜிமென்ற். போர்க்காலத்தில் அதற்குப் பல பற்றாலியன்கள் இருந்தன. ஒன்று ஒரு ஊரிலும் மற்றது வேறு ஊரிலும் நிற்கலாம். ஆகவே "சி.எல்.ஐ.யில் இருந்தவர்" என்பது பாதிப் பதில். "2 சி.எல்.ஐ." என்று எழுதியிருந்தால் அது இரண்டாவது பற்றாலியன், அந்த இலக்கத்தை விட்டுவிடாதீர்கள். பீரங்கிப் படையில் றெஜிமென்ற் என்பது சில பற்றரிகள் சேர்ந்த ஒரே அணி. நேதாஜியின் படையிலோ அது மூன்று பற்றாலியன் சேர்ந்து போருக்குப் போகும் அணி, அதாவது மற்றவர்களின் பிரிகேட்டுக்குச் சமம். அங்கே சுபாஸ், காந்தி, ஆசாத், நேரு என்ற பெயர்களில் றெஜிமென்றுகள் இருந்தன. பெண்களுக்கு 1943இல் ஜான்சி ராணி றெஜிமென்ற் அமைக்கப்பட்டது. அதில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். ஆகவே அம்மம்மாவையும் கேளுங்கள்.

பயனியர் கோர் போன்ற வேலைப்படைகளில் கம்பனிகள்தான் இலக்கமிட்ட தனி அணிகள். அங்கே பற்றாலியனைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், கம்பனியின் இலக்கத்தைத் தேடுங்கள்.

கடதாசி ஒன்றும் இல்லாவிட்டாலும் வீட்டில் சொன்ன பதவிப் பெயர் வழிகாட்டும். "கன்னர்" அல்லது "பொம்பார்டியர்" என்றால் பீரங்கிப் படை. "சப்பர்" என்றால் பொறியியல் படை. "நாயக்", "ஹவில்தார்" என்றால் இந்திய இராணுவம் அல்லது நேதாஜியின் படை. பதக்கமும் பேசும்: ஆபிரிக்கா ஸ்ரார் இருந்தால் 1943 மே மாதத்துக்கு முன் வட ஆபிரிக்கப் பக்கம் போயிருக்கிறார். ஆனால் பிரித்தானியா கொடுத்த அந்தப் போர் நட்சத்திரப் பதக்கங்களில் பொதுவாகச் சிப்பாயின் பெயர் பொறிக்கப்படவில்லை.

அணியைக் கண்டுபிடித்தாலும் ஒரு கவனம் வேண்டும். தலைமையகம் ஓரிடத்தில் நிற்க, சிறு பகுதி வேறெங்கோ போயிருக்கலாம். சிலோன் கரிசன் ஆட்டிலறி கொழும்பையும் திருகோணமலையையும் காவல் காத்த படை. அதன் ஒரு சிறு பகுதி இந்து சமுத்திரத்தில் வெகு தொலைவிலுள்ள கொக்கோஸ் தீவுகளுக்கு அனுப்பப்பட்டது. 1942 மே மாதம் அங்கே கலகம் நடந்தது. பொம்பார்டியர் கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் அந்த ஓகஸ்டில் தூக்கிலிடப்பட்டார்கள். அணியின் பெயரை மட்டும் பார்ப்பவர் திருகோணமலையில் தேடிக்கொண்டிருப்பார்.

சரி, எங்கே தேடுவது? ஒட்டாவாவிலுள்ள கனடா ஆவணக் காப்பகம் கனேடியப் படையினரின் கோவைகளைத்தான் வைத்திருக்கிறது. எங்கள் தேடலுக்கு அது உதவுவது குறைவு. போரில் இறந்தவரானால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். படை இலக்கமும் அணியும் கல்லறையும் அதில் பதியப்பட்டிருக்கும். உயிரோடு திரும்பியவரானால் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அணிகளின் போர் நாட்குறிப்புகள் உண்டு. மத்திய கிழக்கிலிருந்த அணிகளுக்கு டபிள்யூ.ஓ. 169, தென்கிழக்காசியாவுக்கு டபிள்யூ.ஓ. 172 என்ற தொடர்களைக் கேளுங்கள். அந்தக் குறிப்பில் அதிகாரிகளின் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும். என்றாலும் உங்கள் அப்பப்பாவின் அணி அன்று எந்த ஊரில் நின்றது, என்ன நடந்தது என்பது இருக்கும்.

இதற்கெல்லாம் முதல் செய்ய வேண்டியது இந்தக் கிழமையே செய்யக்கூடியது. குடும்பத்தின் மூத்தவருக்கு ஒரு தொலைபேசி எடுங்கள். எந்த வருடம் போனவர், எந்த ஊரில் நின்றவர், என்ன பதவி, தொப்பியிலோ தோளிலோ என்ன எழுத்து, இலக்கம் ஏதும் ஞாபகமோ என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். படம் இருந்தால் பின்பக்கத்தையும் படியுங்கள். அன்றைக்கு இருபது வயதில் சேர்ந்தவர்களில் அநேகமாக எவரும் இன்று இல்லை. அவர்கள் வாயால் கேட்ட பிள்ளைகளுக்கே எழுபது, எண்பது வயதாகிவிட்டது. அவர்களும் போய்விட்டால் எந்தக் காப்பகத்திலும் எதைக் கேட்பதென்று எங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.