எக்ஸ்டென்டட் வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ்: டெலிவரி அன்னைக்கே வாங்கணுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் நேரா ஒரு கேள்வியில இருந்தே ஆரம்பிக்கிறேன். குழித்துறையில இருந்து ஒரு ஐயா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அவர் சொன்னது இதுதான்:

“சாரே, எனக்க மோன் சவூதியில இருந்து ரூவா அனுப்பி ஒரு வண்டி எடுக்கச் சொன்னான். வியாழக்கிழமை டெலிவரி. இப்ப ஷோரூம்ல கூடுதல் வாரண்டிக்கு 22,000, சர்வீஸ் பேக்கேஜுக்கு 24,000 கேக்குதாவ. மோன்கிட்ட கேட்டா, ‘அப்பா, நீங்களே பாத்துச் செய்யுங்க’ன்னு சொல்லுதான். இது வேணுமா, வேண்டாமா?”

திரும்பக் கூப்பிட்டுப் பேசினேன். சின்ன பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மாசம் ஒருமுறை நாகர்கோவில் ஆஸ்பத்திரி, மகன் லீவுக்கு வந்தால் திருவனந்தபுரம் ஏர்போர்ட். வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். மற்ற நாளெல்லாம் வண்டி வீட்டு போர்ச்சில்தான் நிற்கும்.

நம்ம மாவட்டத்துல இப்படி எத்தனையோ வீடு. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை பணம் அனுப்புவான், ஊரில் இருக்கிற அப்பா கையெழுத்துப் போடுவார். மொத்தம் 46,000 ரூபாய். அந்தப் பையன் அங்கே எத்தனை நாள் உழைத்துச் சம்பாதித்த காசு அது. அதனால் நிதானமாப் பார்ப்போம்.

எந்தத் தாள் எந்த வேலைக்கு?

முதல் குழப்பமே இங்கேதான். ஷோரூம் மேஜையில் நாலு தாளை ஒண்ணா வச்சு நீட்டுவாங்க. நாலும் நாலு வேலைக்கு.

இன்ஷூரன்ஸ், வெளியே இருந்து வரும் ஆபத்துக்கு: மோதல், திருட்டு, வெள்ளம். கம்பெனி வாரண்டி, தயாரிப்புக் குறையால் ஒரு பாகம் தானாகப் பழுதானால் அதை மாற்றித் தருவதற்கு. எக்ஸ்டென்டட் வாரண்டி, அதே வாக்குறுதியை இன்னும் ஒன்றிரண்டு வருஷம் நீட்டுவது, பல சமயம் சில பாகங்களைக் கழித்துவிட்டு. சர்வீஸ் பேக்கேஜ், ஆயில், ஃபில்டர் மாதிரி எப்படியும் மாற்றியே ஆக வேண்டியதுக்கு முன்கூட்டியே கட்டும் காசு.

இப்போ நம்ம ஊர்ப் பக்கம் வண்டிக்கு வரும் பிரச்சினைகளை எண்ணிப் பாருங்க. நமக்கு ரெண்டு மழைக்காலம். ஜூனில் ஒண்ணு, அக்டோபர், நவம்பரில் இன்னொண்ணு. தேங்கின தண்ணிக்குள்ள வண்டியை விட்டு இன்ஜினுக்குள்ள தண்ணி ஏறினால் வாரண்டி கிடையாது. அதுக்கு இன்ஷூரன்ஸில் இன்ஜின் ப்ரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்கணும். நின்ற வண்டியில எலி வயரைக் கடித்தால் வாரண்டியில் வராது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் உப்புக்காற்றில் அடிப்பகுதி மேலாகத் துருப்பிடித்தாலும் பெரும்பாலும் வராது. குழியில் இறங்கி சஸ்பென்ஷன் போனால், “வெளியடி பட்டிருக்கு” என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், பல்பு எல்லாம் தேயும் பொருள், வாரண்டியில் சேராது. டயருக்கும் பேட்டரிக்கும் அதைச் செய்த கம்பெனியோட வாரண்டி தனி.

அப்போ எதுக்குத்தான் பயன்படும்? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, டீசல் வண்டியின் இன்ஜெக்டர், எலெக்ட்ரிக் ஸ்டியரிங் மோட்டார், ஏசி கம்ப்ரஸர், வண்டியின் மூளையாக இருக்கிற இசியூ. இதில் எது போனாலும் பில் பெருசு. உங்க வண்டியில இந்த மாதிரி சாமான் எத்தனை இருக்கோ, அந்த அளவுக்குக் கூடுதல் வாரண்டிக்கு அர்த்தம் உண்டு. ஐயாவோட வண்டியில ஆட்டோமேட்டிக்கும் இல்லை, டர்போவும் இல்லை.

எந்த வருஷத்துக்குக் காசு கட்டுறோம்?

முன்னாடி பல வண்டிகளுக்கு அடிப்படை வாரண்டியே ரெண்டு வருஷம்தான். மாருதி சுசுகி 2024 ஜூலை வரை 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர்தான் கொடுத்தது. அதுக்குப் பிறகு 3 வருஷம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் ஆக்கிவிட்டது. மற்ற பெரிய கம்பெனிகள் பலவற்றிலும் இப்போ 3 வருஷம் சாதாரணம். மின்சார வண்டி என்றால் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது வழக்கம் ஆகிவிட்டது.

ஆக, இன்னைக்குக் கட்டும் 22,000 ரூபாய், நாலாவது, அஞ்சாவது வருஷத்துக்கு. முதல் 3 வருஷம் அந்தக் காசுக்கு வேலையே இல்லை.

இன்னொரு வரி பல வாரண்டிகளில் இருக்கும்: வருஷமோ கிலோமீட்டரோ, “எது முந்துதோ அது”. வருஷம் 35,000 கிலோமீட்டர் ஓடுகிற ஒருத்தருக்கு 3 வருஷம் முடியும் முன்னாடியே 1,00,000 தாண்டிடும். அவர் வாங்கும்போது கிலோமீட்டர் வரம்பைத்தான் முதலில் பார்க்கணும். வாடகைக்கு ஓட்டுகிற வண்டி என்றால் பல கம்பெனிகளில் நிபந்தனையே வேற, அதையும் கேட்டுக்கணும். நம்ம ஐயாவுக்கு நேர் எதிர். 5 வருஷம் முடியும்போதும் அவர் வண்டி 20,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். ஓடித் தேயும் பாகத்துக்கு அங்கே பெரிய ஆபத்து இல்லை. காலத்தால் கெடக்கூடிய ரப்பர், பேட்டரி, எலெக்ட்ரானிக்ஸ்தான் மிச்சம். அதில் முதல் ரெண்டுக்கும் எக்ஸ்டென்டட் வாரண்டி கைகொடுக்காது.

இது சீட்டு மாதிரியா?

சீட்டுக் கட்டினால் என்னைக்காவது ஒருநாள் நம்ம பணம் நம்ம கைக்கு வரும். வாரண்டியில் பழுது வந்தவருக்கு மட்டும்தான் வரும். எல்லாரும் கட்டுகிற காசில் ஷோரூம் கமிஷன், கம்பெனி லாபம், வரி எல்லாம் போக மீதிதான் பழுது பார்க்கச் செலவாகும். அதனால் வாங்குகிறவர்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் கட்டினதை விடக் குறைவாகத்தான் திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2013இல் கார் வச்சிருக்கிறவர்களிடம் கேட்டபோது, கூடுதல் வாரண்டி வாங்கினவர்களில் 55 சதவீதம் பேர் அதை ஒருமுறை கூடப் பயன்படுத்தவில்லை.

வீட்டிலேயே போடக்கூடிய ஒரு சின்னக் கணக்கு இருக்கு. 22,000 ரூபாய் கட்டுறீங்க. அந்த ரெண்டு வருஷத்துல வரக்கூடிய பெரிய பழுதுக்கு 66,000 ரூபாய் ஆகும்னு வைங்க. உங்களை மாதிரி மூணு பேரில் ஒருத்தருக்கு அந்தப் பழுது வந்தால்தான் கட்டின காசு சரிக்குச் சரி. சின்ன பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர், குறைஞ்ச ஓட்டம். மூணில் ஒருத்தருக்கு வருமா? எனக்குத் தோணல.

ஆனா சராசரி மட்டும் முடிவு சொல்லாது. கடன் போட்டு வண்டி எடுத்து, அதை நம்பியே பிழைக்கிறவருக்கு நாலாவது வருஷம் திடீர்னு 80,000 ரூபாய் பில் வந்தால் குடும்பமே ஆடிப்போகும். அவர் கட்டுகிற காசு, அந்த ஒரு அடியில் இருந்து தப்பிக்கத் தரும் விலை. அது நியாயமான செலவுதான். அந்த அடியைத் தாங்கச் சேமிப்பு இருக்கிறவர் அதே பணத்தை வங்கியில் போட்டு வச்சால் போதும். பழுது வந்தால் எடுத்துக் கொடுக்கலாம், வராவிட்டால் பணம் அவரோடது.

சர்வீஸ் பேக்கேஜ் வேற கணக்கு

இங்கே அதிர்ஷ்டம் எதுவும் இல்லை. வரப்போகிற செலவு தெரிஞ்ச செலவு. அதனால் கூட்டல் கழித்தல் போதும்.

வண்டியோட கையேட்டில் எந்த சர்வீஸில் எதை மாற்றணும்னு அட்டவணை இருக்கும். ஷோரூமில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் இன்னைய விலையை எழுதி வாங்குங்க. உதாரணத்துக்கு 4 வருஷத்துக்கு 3,500, 5,500, 5,000, 8,500 என்று வந்தால் மொத்தம் 22,500. பேக்கேஜ் 24,000. இன்னைய விலைக்கு 1,500 அதிகம். பின்னால் விலை ஏறினால் சரியாகிவிடலாம். ஆனா பணத்தை இன்னைக்கே மொத்தமாக் கொடுக்கிறோம், அதையும் கணக்கில் வைக்கணும்.

சில கேள்விகளை விடாமல் கேளுங்க. முதல் சில சர்வீஸுக்குக் கூலி ஏற்கெனவே இலவசமா? அப்படின்னா பேக்கேஜிலும் அதே கூலியைச் சேர்த்திருக்காங்களா? சொன்ன விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கமா? பிரேக் பேட், வைப்பர் மாதிரி தேயும் பொருள் உள்ளே இருக்கா, இல்லை ஆயிலும் ஃபில்டரும் மட்டுமா? ஒரு சர்வீஸ் விட்டுப்போனால் அந்தக் காசு போச்சா? வண்டியை விற்றால் மிச்சம் திரும்பக் கிடைக்குமா, வாங்குகிறவர் பேருக்கு மாறுமா?

ஐயா விஷயத்தில் நான் பயப்படுகிற இடம் ஒண்ணு உண்டு. சர்வீஸ் கெடு பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம். “வண்டி ஓடவே இல்லையே, என்னத்துக்கு சர்வீஸ்?”னு ஒரு வருஷம் விட்டுடுவாங்க. அப்புறம் பெரிய பழுது வந்து வாரண்டி கேட்கப் போனால், “குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யல”ன்னு கைவிரிக்க வாய்ப்பு இருக்கு. 22,000 கொடுத்து வாரண்டி வாங்கி, 4,000 ரூபாய் சர்வீஸை விட்டு அதை இழப்பது பெரிய நஷ்டம். பேக்கேஜ் இருந்தால் அவங்களே போன் பண்ணி நினைவுபடுத்துவாங்கன்னா, வயசான பெற்றோருக்கு அந்த 1,500 ரூபாய் வீண் இல்லை. தேதியைக் காலண்டரில் குறிச்சு வைக்கிற ஆள் வீட்டில் இருந்தால் பேக்கேஜ் தேவையும் இல்லை.

வாக்குக் கொடுப்பது யார்?

தாளில் யார் பேர் இருக்குன்னு பாருங்க. வண்டிக் கம்பெனியே தரும் திட்டம் என்றால் மார்த்தாண்டத்தில் வாங்கினது பெங்களூரிலும் செல்லும். டீலர் சொந்தமாகத் தருவது என்றால் அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும், கடையை மூடினால் அதோடு முடிஞ்சது. கம்பெனிகளும் போகும். செவர்லே 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. வாரண்டியும் சர்வீஸும் தொடரும்னு ரெண்டும் சொன்னது ஆறுதல். டீலர் கடைக்கு அந்த அளவு பலம் இருக்காது.

“வெளியே எங்கேயாவது கை வைத்தால் வாரண்டி போயிடும்”னு ஒரு மிரட்டல் எப்பவும் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போன ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் எது கெட்டதோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம்னு அதே உத்தரவில் சொன்னது. கம்பெனிகள் அதை எதிர்த்து மேல்முறையீடு போனது தனிக்கதை. நடைமுறையில் நீங்க செய்ய வேண்டியது: வாரண்டி இருக்கும் வரை வழக்கமான சர்வீஸை அங்கீகரிச்ச இடத்திலேயே செய்யுங்க. பஞ்சர், டயர் மாதிரி வேலையை வெளியே செய்தால் பில்லை எடுத்து வையுங்க.

நியாயமில்லாம மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மேலே நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. நீங்க குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. பிரச்சினை வந்த நாளில் இருந்து 2 வருஷத்துக்குள்ள கொடுக்கணும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்.

வியாழக்கிழமை என்ன செய்றது?

ஐயாவுக்கு நான் சொன்னது இது. எக்ஸ்டென்டட் வாரண்டிக்கு இப்போ கையெழுத்து வேண்டாம். பெரும்பாலான கம்பெனிகளில் அடிப்படை வாரண்டி முடியும் முன்னாடி எப்போ வேணும்னாலும் வாங்கலாம். தள்ளிப்போனால் விலை கொஞ்சம் கூடும். கடைசித் தேதி என்ன, அப்போ விலை என்னன்னு எழுதி வாங்குங்க. ரெண்டரை வருஷம் ஓட்டினால் வண்டியோட குணம் தெரிஞ்சிடும். அப்போ மகனும் நீங்களும் சேர்ந்து முடிவு எடுங்க. ஆட்டோமேட்டிக்கோ டர்போ டீசலோ எடுத்திருந்தால் நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன்.

சர்வீஸ் பேக்கேஜுக்கு விலைப்பட்டியல் வாங்கிக் கூட்டிப் பாருங்க. வித்தியாசம் ஒண்ணு ரெண்டாயிரம்தான்னா எடுத்துக்கலாம். பட்டியல் தர மறுத்தால் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. “ரெண்டையும் எடுத்தால்தான் வியாழக்கிழமை வண்டி”ன்னு யாராவது சொன்னால், அதையும் எழுத்தில் கேளுங்க. பெரும்பாலும் எழுதித் தர மாட்டாங்க. வண்டி சாவியைத் தந்துடுவாங்க.

அடுத்த எபிசோடில் பழைய வண்டி வாங்கும்போது ஆர்சி, இன்ஷூரன்ஸ் பேர் மாற்றுவது பற்றிப் பார்ப்போம். கேள்வி இருந்தால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க.