ஊர் கூடும் திருவிழாக்கள் – 6: தவளைக்கும் உண்டு சட்டம்

மே மாதத்தின் மூன்றாவது வாரக் கடைசி. மேடை நடுவில் ஒரு தவளையை இறக்கிவிட்டு, அதன் பின்னால் தொப்பென்று விழுந்து, தரையை அறைந்து, தொண்டை கிழியக் கத்துகிறார் ஒருவர். தவளை மூன்று முறை தாவுகிறது. நடுவர்கள் அளவு நாடாவோடு ஓடுகிறார்கள். சுற்றிலும் ஆரவாரம்.

இடம், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையடிவாரத்தில் உள்ள ஏஞ்சல்ஸ் கேம்ப். கலவேரஸ் கவுன்ட்டியைச் சேர்ந்த ஊர். கவுன்ட்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஆனால் இந்தக் கவுன்ட்டி முழுக்கச் சேர்த்தாலும் மக்கள்தொகை அரை லட்சத்தை எட்டாது. 19-ஆம் நூற்றாண்டில் தங்கம் தேடி வந்தவர்கள் உருவாக்கிய ஊர்களில் ஏஞ்சல்ஸ் கேம்பும் ஒன்று.

தங்கம் தீர்ந்தது, ஒரு தவளைக் கதை மட்டும் நிலைத்தது. அந்தக் கதையை உலகுக்குச் சொன்னவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன். 1865-ன் தொடக்கத்தில் இந்தப் பக்கம் தங்கியிருந்தபோது, மதுக்கடைப் பேச்சில் அவர் காதில் விழுந்தது அது. தவளையைப் பழக்கிப் பந்தயம் கட்டும் ஒருவனை, வெளியூர்க்காரன் ஒருவன் ஏமாற்றிவிடுகிறான். எப்படி? அவன் அசந்த நேரத்தில் தவளையின் வாயில் ஈயக் குண்டுகளைக் கொட்டிவிடுகிறான். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கதை வெளியானது. ட்வைனின் பெயர் நாடெங்கும் பரவியது.

1928-ல் ஊரின் பிரதான வீதிக்குத் தளம் போட்டார்கள். அதைக் கொண்டாட உள்ளூர் சங்கத்தார் யோசித்தபோது நினைவுக்கு வந்தது, கதையில் வரும் தவளைப் பந்தயம்தான். பிற்பாடு அது கவுன்ட்டியின் வருடாந்திரச் சந்தையோடு சேர்ந்துகொண்டது. இப்போது கால்நடைக் கண்காட்சி, ரோடியோ எனும் குதிரை, காளை அடக்கும் போட்டி, ராட்டினம் எல்லாம் உண்டு. வென்ற தவளைகளின் பெயர் பொறித்த பட்டயங்கள் அதே வீதியின் நடைபாதையில் பதிக்கப்பட்டிருக்கின்றன.

மோசடிக் கதையில் பிறந்த விழா என்பதாலோ என்னவோ, விதிகளில் கெடுபிடி அதிகம். மூன்று தாவல்களையும் தனித்தனியே கூட்டுவதில்லை. புறப்பட்ட இடத்திலிருந்து மூன்றாவது தாவல் முடிந்த இடம் வரை நேர்க்கோட்டில் அளக்கிறார்கள். தவளை கோணலாகப் போனால் தூரம் போச்சு!

தவளையைத் தாவ வைப்பவருக்கு 'ஜாக்கி' என்று பெயர். தவளை இல்லாதவர் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக இதில் ஊறிய குடும்பங்களோடு போட்டியிடுவது லேசல்ல. உடல் சூடு சரியாக இருக்கும் தவளைதான் நன்றாகத் தாவும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே கேமராவோடு வந்து 3,124 தாவல்களைப் பதிவு செய்தார்கள். அதுவரை ஆய்வகங்களில் பதிவான அதிகபட்சத் தாவல் சுமார் 1.3 மீட்டர். இங்கே பாதிக்கும் மேற்பட்ட தாவல்கள் அதைத் தாண்டின, ஒன்று 2.2 மீட்டரைத் தொட்டது. ஆய்வகத் தவளைகள் முழுமூச்சாகத் தாவியதே இல்லை என்று 2013-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

மாநிலச் சட்டமும் தவளைக்குள் புகுந்திருக்கிறது. போட்டிக்காக எத்தனை உயிர்த் தவளைகளை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். ஆனால் அவற்றில் ஒன்று செத்தால், அதைச் சமைத்துச் சாப்பிடக் கூடாது. வேறெதற்கும் பயன்படுத்தவும் கூடாது. கலிபோர்னியாவின் மீன், வனவிலங்குச் சட்டத் தொகுப்பிலேயே இது இருக்கிறது.

இன்னொரு விசித்திரம். ட்வைன் காலத்தில் இங்கே தாவியிருக்கக்கூடியது மண்ணின் சொந்தக்காரரான செங்கால் தவளை. தங்க வேட்டைக்கு வந்த கூட்டம் அதைத் தின்றே குறைத்தது. அந்த இடத்தை நிரப்ப 1890-களில் நாட்டின் கிழக்குப் பகுதியிலிருந்து புல்ஃப்ராக் என்ற பெருந்தவளையைக் கொண்டுவந்தார்கள். அது செங்கால் தவளையையே விழுங்கக்கூடியது! இன்று மேடையில் பரிசு வாங்குவது இந்த வந்தேறி. செங்கால் தவளையோ 1996 முதல் பாதுகாக்கப்பட வேண்டிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. 2014-ல் அதை மாநிலத்தின் நீர்நில உயிரினமாக அறிவித்தார்கள்.

விழாவின் சாதனை 1986-ல் 'ரோஸி த ரிபிட்டர்' என்ற தவளை தாவிய 21 அடி 5¾ அங்குலம். அதை முறியடிக்கத்தான் ஒவ்வொரு மே மாதமும் ஜாக்கிகள் தரையில் விழுந்து புரள்கிறார்கள்.

(அடுத்த வாரம்: இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயர் கவுன்ட்டியில், செங்குத்தான சரிவில் உருளும் சீஸைத் துரத்திக்கொண்டு தாங்களும் உருள்கிறவர்கள்)