விளக்கம் கேட்காத மதிப்பு

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், செம்மண் சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயரத்துக்குத் தனித்து எழுந்து நிற்கும் உலுரு என்னும் மணற்கல் குன்றின் மீது எவரும் ஏறக்கூடாது என்ற தடை, 2019ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. செங்குத்தான அப்பாதையில் குறைந்தது 37 பேர் உயிரிழந்திருந்தாலும், தடைக்கு அடிப்படை அது மட்டுமன்று. அந்நிலத்துக்கு மரபுவழி உரிமையுடைய அனங்கு மக்கள், ஏற வேண்டாம் என்று நெடுங்காலமாகக் கேட்டுவந்தார்கள். ஆனால் அதற்கான முழுக் காரணத்தையும் வெளியாருக்குச் சொல்ல அவர்களுடைய மரபு இடந்தரவில்லை.

அம்மரபின் பெயர் ஜுகுர்ப்பா. உலகம் உருப்பெற்ற காலத்தில் மூதாதை உயிர்கள் நிலமெங்கும் பயணம் செய்து பாறைகளையும் நீர்நிலைகளையும் உண்டாக்கிய வரலாறும், அவ்வரலாற்றிலிருந்து பிறந்த சட்டம், உறவுமுறை, சடங்கு ஆகியவையும் சேர்ந்ததே அது. சுற்றுலாப் பயணிகள் ஏறிய பாதை, மாலா என்னும் சிறு கங்காரு இனத்தின் பெயர் கொண்ட மூதாதையர் உலுருவை வந்தடைந்தபோது சென்ற வழி என்ற அளவுக்கு அனங்கு முதியவர்கள் வெளியாருக்குச் சொல்வதுண்டு. அதற்கு மேலுள்ளவற்றுள் சில ஆண்களுக்கு மட்டும் உரியவை, சில பெண்களுக்கு மட்டும் உரியவை, வேறு சில உரிய சடங்குகளைக் கடந்தவர்களுக்கே கற்பிக்கப்படுபவை. ஒன்றை அறிந்திருப்பது அதைக் காக்கும் கடமையையும் ஏற்பதாகும் என்பதால், கடமையை ஏற்காதவருக்கு அறிவும் அளிக்கப்படுவதில்லை.

பள்ளியிலும் நூலகத்திலும் வளர்ந்த மனத்துக்கு இதுதான் கடினமானது. அறிவு அனைவருக்கும் பொது, மறைக்கப்படுவது ஐயத்துக்குரியது என்று பழகிய ஒருவர், காரணத்தைச் சொன்னால் மதிக்கிறேன் என்பதை நியாயமான நிபந்தனையாகவே கருதுவார். ஆனால் காரணத்தை வெளியில் சொல்வதே மரபை மீறுவதாகும் இடத்தில், அந்நிபந்தனை மதிக்க மறுப்பதற்குச் சமமாகிவிடுகிறது.

இச்சிக்கல் ஒருமுறை நீதிமன்றத்துக்கே சென்றது. மத்தியப் பாலைநில மக்களிடையே ஆய்வு செய்த சார்லஸ் மவுண்ட்ஃபோர்ட் என்பவரிடம், 1940ஆம் ஆண்டில் பிட்ஜன்ஜஜாரா ஆண்கள் தங்கள் சடங்கு மரபின் மறைபொருள்களை நம்பிக்கையின் பேரில் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அவற்றை உள்ளடக்கிய அவருடைய நூல் 1976இல் வெளிவந்தபோது, பெண்களும் சிறுவரும் அவற்றைக் காண நேர்ந்தால் தங்கள் சமூக ஒழுங்கு குலையும் என்று அம்மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். வட ஆள்புல உச்ச நீதிமன்றம் நூலின் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அம்மறைபொருள்கள் உண்மையா, பொய்யா என்று நீதிமன்றம் ஆராயவில்லை; நம்பி ஒப்படைக்கப்பட்டதை வெளியிடலாமா என்று மட்டுமே கேட்டது. இக்கேள்வியின் நேர்மை பாராட்டத்தக்கது, ஏனெனில் அது நீதிபதியை நம்பிக்கையாளராக மாறும்படி கோரவில்லை.

நம்பாமலே மதிக்கும் அந்நிலையை உலுருவில் எட்ட இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1873இல் அங்கு வந்த நில ஆய்வாளர் வில்லியம் காஸ், தெற்கு ஆஸ்திரேலிய அரசியல் தலைவர் ஹென்றி ஏயர்ஸின் பெயரை அக்குன்றுக்குச் சூட்டினார். 1964இல் ஏறுவோர் பிடித்துக்கொள்ளச் சங்கிலி பொருத்தப்பட்டது. 1985இல் நிலம் அனங்கு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டு, 99 ஆண்டுக் குத்தகையில் தேசியப் பூங்காவாக மீண்டும் அரசின் பொறுப்புக்கு வந்தபோதும் ஏறுவது நிற்கவில்லை. அனங்கு உறுப்பினர்கள் பெரும்பான்மையாக உள்ள பூங்கா வாரியம் 2017இல் ஒருமனதாக எடுத்த முடிவே அதை நிறுத்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கு நேர்ந்த ஒவ்வொரு இறப்பையும், விருந்தினரைக் காக்கத் தவறிய துயரமாகவே அனங்கு மக்கள் சுமந்தார்கள்.

இயற்கை அனைவருக்கும் சொந்தம், நம்பிக்கை இல்லாதவரை நம்பிக்கையின் பெயரால் தடுக்கலாமா என்ற மறுப்பும் எழுந்தது. எல்லா மரபுக் கட்டளைகளையும் கேள்வியின்றி ஏற்க வேண்டியதில்லை. ஒருவரின் உடலையோ உரிமையையோ சிதைக்கும் வழக்கத்துக்கு மறைபொருள் என்ற காப்பு போதாது. ஆனால் இங்கே கேட்கப்பட்டது ஒரு பாறையின் உச்சியைத் துறப்பது மட்டுமே. உலுருவின் மணல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்து கல்லாயிற்று என்ற புவியியல் செய்தியை எவரும் கைவிட வேண்டியதில்லை.

குன்றின் அடிவாரத்தைச் சுற்றிவரும் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடைபாதை இன்றும் அனைவருக்கும் திறந்திருக்கிறது. அதன் சில இடங்களில் படமெடுக்க வேண்டாம் என்ற பலகைகள் உள்ளன. அப்பாறைகளின் நுண்விவரங்கள் மறைநூலுக்கு ஒப்பானவை, அவற்றை அவை இருக்கும் இடத்திலேயே காண வேண்டும் என்பதே பயணிகளுக்குச் சொல்லப்படும் காரணம். அவ்விடத்தில் நிகழ்ந்தது என்ன என்பது சொல்லப்படுவதில்லை.