முன்னால் நின்றவர் பின்னால் போனார்!



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது கவிதைதான் எழுதலாம் என்றிருந்தேன். (நம் ஹாஸ்டலில் கவிதை எழுதாதவன் யார்?) ஆனால் கவிதைக்கு ஏற்கனவே பதினேழு பேர் பெயர் கொடுத்துவிட்டார்களாம். அதனால் நான் பார்த்தே இராத ஒரு ஆஸ்திரேலியக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஜெரமி மெக்கவர்ன். அவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்கிறார். நான் முதலாமாண்டு படித்தபோது நம் கால்பந்து அணியில் ஃபார்வர்டு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பா மேட்ச் பார்க்க வந்தார். கால்பந்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பந்து வலைக்குள் போனால் எல்லோரும் கத்துகிறார்கள், அது மட்டும் தெரியும். அன்று நான் ஒரு கோல் போட்டேன். அவ்வளவுதான், டீக்கடை வரைக்கும் "எம் பையன் கோல் போடுறவன்" என்று பேச்சாகிவிட்டது.

இரண்டாமாண்டு ஆரம்பத்தில் பி.டி. சார் கூப்பிட்டு, "இனிமே நீ பேக்ல நில்லுடா" என்றார். எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஃபார்வர்டுக்கு லாயக்கில்லாதவனைத்தான் பின்னால் தள்ளுவார்கள் என்பது நம் ஊர் கணக்கு. மூன்று நாள் பிராக்டீஸுக்கே போகவில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் பெரிய கவலை. மூன்றாம் நாள் ராத்திரி ரூமில் இருந்த சீனியர் அண்ணன் தன் மொபைலைக் கையில் கொடுத்து, "இதப் பாருடா, இவனும் ஃபார்வர்டா இருந்து பேக் போனவன்தான்" என்றார்.

"என்னண்ணே இது, ரக்பியா?"

"இல்லடா, ஆஸ்திரேலியன் ரூல்ஸ்."

உங்களில் பலருக்கும் என்னைப் போலவே தெரிந்திருக்காது, ஆகவே கொஞ்சம் விளக்கம். மைதானமும் முட்டை வடிவம், பந்தும் முட்டை வடிவம். பக்கத்துக்கு 18 பேர். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் இருக்கும் இரண்டு பெரிய கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. பக்கத்துக் கம்பத்துக்கும் பெரிய கம்பத்துக்கும் நடுவே போனால் 1 புள்ளி. பந்தை வீசக்கூடாது, காலால் உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் தட்டிவிடலாம். ஆஃப்சைடு என்ற தொல்லையே கிடையாது.

முக்கியமான விஷயம் 'மார்க்'. 15 மீட்டராவது பறந்து வந்த பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் அது மார்க். பிடித்தவருக்கு ஃப்ரீ கிக் மாதிரி. நிதானமாக நின்று உதைக்கலாம், யாரும் மேலே விழ முடியாது. அதனால் ஒருத்தர் முதுகின் மேல் முழங்காலை வைத்து ஏறி எல்லாம் பந்தைப் பிடிக்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது சண்டை என்றே நினைத்துவிட்டேன்!

ஃபார்வர்டு மார்க் பிடித்தால் கோல் வாய்ப்பு, அதனால் கைதட்டு. பின்னால் இருப்பவரின் வேலை பழைய கணக்குப்படி அவரைப் பிடிக்க விடாமல் கெடுப்பது. முஷ்டியால் பந்தைத் தட்டிவிட்டாலே போதும். யாரும் அதற்காக எழுந்து நின்று கத்தமாட்டார்கள்.

மெக்கவர்னின் அப்பா ஆண்ட்ரூவும் இந்த ஆட்டக்காரர்தான். சிட்னி, ஃப்ரீமாண்டில் கிளப்புகளுக்கு ஆடியவர். ஆனாலும் மகனுக்குச் சிவப்புக் கம்பளம் ஒன்றும் விரிக்கவில்லை. அங்கே வருடா வருடம் 'டிராஃப்ட்' என்று ஒன்று நடத்தி, கிளப்புகள் வரிசைப்படி இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும். அதில் எடுபடாதவர்களுக்கு 'ரூக்கி' பட்டியல் என்று இன்னொன்று உண்டு. நம் பாஷையில் வெயிட்டிங் லிஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்த் நகரத்து வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் கிளப் 2011 சீசனுக்கு அவரை எடுத்தது அந்த ரூக்கி பட்டியலில்தான். பெரிய லீகில் முதல் ஆட்டம் ஆட 2014 வரை காத்திருந்தார். நடுவில் உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ளாமல் வந்ததற்காகப் பயிற்சியிலிருந்தே விலக்கி வைக்கப்பட்டதும் உண்டு. அந்த நேரம்தான் ஆடம் சிம்ப்சன் புதுக் கோச்சாக வந்திருந்தார். (இதைப் படித்ததும் எனக்கு ஆள் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. அரியர் வைத்தவனுக்கு அரியர் வைத்தவன்தானே துணை!)

வந்தது ஃபார்வர்டாக. உயரம் ஆறரை அடியை ஒட்டி, கனத்த உடம்பு, நல்ல கை. 2014-ல் முன்னாலும் பின்னாலும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தார்கள். 2015 சீசன் தொடங்கும் நேரத்தில் கிளப்புக்கு அடுத்தடுத்து இரண்டு அடி. முந்தைய வருடம் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய பின்கள வீரர் எரிக் மெக்கென்சிக்கு முழங்கால் போனது. இன்னொரு பின்கள வீரர் மிட்ச் பிரவுனுக்கும் முழங்கால் போனது. பின்னால் நிற்க உயரமான ஆள் இல்லை. அப்படி ஏற்பட்ட பள்ளத்தை அடைக்கத்தான் மெக்கவர்ன் பின்னால் நிலைத்தார். யாரோ பெரிய ஞானி முன்கூட்டியே கண்டுபிடித்துச் செய்தது என்று நினைக்க வேண்டாம்.

இதன் விளைவு என்ன? அந்த 2015-லேயே ஈகிள்ஸ் இறுதி ஆட்டம் வரை போனது. ஹாதோர்னிடம் 46 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது என்பது வேறு விஷயம். 2016, 2017, 2018, 2019 என்று தொடர்ந்து நான்கு வருடம் மெக்கவர்ன் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இடம் பிடித்தார். வருடக் கடைசியில் லீக் முழுவதிலிருந்தும் சிறந்தவர்களைப் பொறுக்கி அறிவிக்கும் கௌரவ அணி அது. வெயிட்டிங் லிஸ்டில் இருந்த ஆள்!

அதே கை, அதே உயரம், அதே தாவல். பின்னால் போனதும் எப்படி இவ்வளவு முன்னேற்றம்? இரண்டு ராத்திரி இதையே யோசித்தேன். கடைசியில் நம் என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் நோட்டை எடுத்தேன். (அந்த நோட்டை நானாக எடுத்தது அன்றுதான்.)

50 மீட்டர் போகிற ஒரு உதையை எடுத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டு 45 டிகிரி என்று வைத்தால், பந்து வினாடிக்கு சுமார் 22 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். ஆகாயத்தில் இருக்கும் நேரம் சுமார் 3.2 வினாடி. வினாடிக்கு 7 மீட்டர் ஓடுகிற ஆள் அதற்குள் இருபது மீட்டருக்கு மேல் போய்விடலாம். பந்து எங்கே விழும் என்பதை அரை வினாடி முன்னால் கணித்தவனுக்கு மூன்றரை மீட்டர் லாபம். மூன்றரை மீட்டர் என்றால் நம் ஹாஸ்டல் ரூமின் நீளம்! மெக்கவர்ன் வேகமான ஓட்டக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அவர் சம்பாதித்தது எல்லாம் இந்த அரை வினாடியில்தான்.

ஃபார்வர்டாக இருக்கும்போது அந்தக் கணிப்பு முழுசாகப் பயன்படாது. பந்தை உதைக்கப் போகிறவன் எப்போது உதைப்பான் என்று பார்த்து ஓட வேண்டும், கூடவே ஒருத்தன் முதுகில் ஒட்டிக்கொண்டு வருவான், பிடித்த பிறகு கோலையும் சரியாக உதைக்க வேண்டும். பின்னால் நிற்பவருக்கு மைதானம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கிறது. எதிரணிக்காரன் நெருக்கடியில் அவசரமாகத் தூக்கி உதைக்கிறானா, நிதானமாக உதைக்கிறானா என்பது அவன் காலைப் பார்த்தாலே தெரிகிறது. அதோடு மெக்கவர்ன் முன்பு ஃபார்வர்டு. ஃபார்வர்டுக்குப் பந்து எங்கே வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? திருடன் போலீஸான கதைதான்.

பழைய பின்கள வீரர்கள் பந்தைத் தட்டிவிடுவார்கள். இவர் தன் ஆளை விட்டுவிட்டு, இன்னொருத்தனுக்கு வருகிற பந்தின் குறுக்கே பக்கவாட்டில் ஓடிவந்து மார்க்கே பிடித்துவிடுவார். இதை இன்டர்செப்ட் மார்க் என்கிறார்கள். தட்டிவிட்டால் பந்து கீழே விழுந்து மறுபடி சண்டை. பிடித்துவிட்டால் பந்து நம்முடையது, அங்கிருந்தே நம் தாக்குதல் ஆரம்பம்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. தன் ஆளை விட்டு ஓடிவந்து கணக்குத் தப்பினால், அந்த ஆள் கோல் முன்னால் தனியாக நிற்பான். மானம் போய்விடும். அதனால் இது ஒருத்தரால் மட்டும் ஆகிற வேலை இல்லை. ஈகிள்ஸ் பின்களத்தை அந்த நாளில் 'வலை' என்றே அழைத்தார்கள். ஒருத்தர் நகர்ந்தால் அடுத்தவர் அந்த இடத்துக்கு நகர வேண்டும். கேப்டன் ஷானன் ஹர்ன், டாம் பாரஸ், வில் ஸ்கோஃபீல்ட் எல்லாம் அந்த வலையின் கயிறுகள். மெக்கவர்ன் தைரியமாகத் தாவியதில் பாதி இவர்கள் பின்னால் வந்து நிற்பார்கள் என்ற நம்பிக்கை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது அண்ணன் மொபைலில் காட்டிய காட்சிக்கு வருகிறேன். 2018 செப்டம்பர் 29, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். இறுதி ஆட்டம். ஒரு லட்சம் பேர் கூட்டம். எதிரணி அதே ஊர் காலிங்வுட். முந்தைய வாரம் விலாப் பக்கம் அடிபட்டு, மெக்கவர்ன் ஆடுவாரா மாட்டாரா என்ற நிலையில்தான் இறங்கினார். காலிங்வுட் முதல் ஐந்து கோலையும் வரிசையாகப் போட்டது. ஈகிள்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் துரத்தி வந்தும், ஆட்டம் முடிய மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது காலிங்வுட்தான் முன்னால் இருந்தது.

காலிங்வுட் பந்தை உயரமாக உள்ளே தூக்கி உதைத்தது. அது ஒரு கோலாகியிருந்தால் கதை முடிந்தது. பந்து இறங்குகிற இடத்துக்கு மெக்கவர்ன் வந்தார். தட்டவில்லை, பிடித்தார். பிடித்ததும் நேரம் கடத்தாமல் உதைத்தார். நேதன் வார்டி பிடித்தார். அவர் உதைக்க, லியம் ரயன் தலைக்கு மேல் தாவிப் பிடித்தார். அவர் உதைக்க, எல்லைக் கோட்டை ஒட்டி டாம் ஷீட் பிடித்தார். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நான்கே மார்க்குகள். காலிங்வுட் கை பந்தில் படவே இல்லை. ஷீட் நின்ற இடம் மிகக் குறுகிய கோணம். அங்கிருந்து உதைத்தார், கோல்! முடிவில் ஈகிள்ஸ் 79, காலிங்வுட் 74. ஐந்தே புள்ளி.

மறுநாள் உலகம் முழுக்கப் பேசியது ஷீட்டின் உதையைத்தான். ஆட்டத்தின் சிறந்த வீரர் பதக்கம் லூக் ஷூயிக்குப் போனது. இரண்டும் நியாயம்தான். ஆனால் அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தாலும், ஷீட் உதைக்கிற இடத்துக்கு முன்னாடியே நிறுத்தி, பின்னால் தள்ளி, மெக்கவர்ன் நகர ஆரம்பிக்கிற அந்த முதல் இரண்டு அடியைத்தான் பார்க்கிறேன்.

அவர் தம்பி மிட்ச் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அடிலெய்டில் ஃபார்வர்டாக நல்ல பெயர் எடுத்து, 2018 முடிவில் கார்ல்ட்டனுக்கு மாறினார். அங்கே காயங்கள் துரத்தின, ஆட்டம் சரிப்படவில்லை. மைக்கேல் வாஸ் கோச்சாக வந்து 2022-ல் பின்களத்துக்கு மாற்றிய பிறகுதான் மூச்சு வந்தது. அண்ணனுக்குக் கிடைத்த உச்சம் தம்பிக்குக் கிடைக்கவில்லை. பின்னால் போன எல்லோரும் மெக்கவர்ன் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

ஜெரமி 2024-லும் தன் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். தலையில் பட்ட அடிகள் காரணமாக 2025-ல் டாக்டர்கள் ஆலோசனைப்படி ஓய்வு பெற்றார். மொத்தம் 197 ஆட்டங்கள். குறுக்கே பாய்ந்து பந்தைப் பிடிக்கிற தொழிலுக்கு உடம்பு கொடுத்த விலை அது. இதையும் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும்.

நான் நான்காம் நாள் பிராக்டீஸுக்குப் போனேன். பி.டி. சார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைதானத்தை ஆறு சுற்று ஓடவிட்டார். பிறகு பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். முதல் இரண்டு மேட்சும் மோசம். மூன்றாவது மேட்சில்தான் எதிரணிக்காரன் காலைப் பார்க்கப் பழகினேன்.

அன்று ராத்திரி அப்பா போன் செய்தார். "கோல் போட்டியா?"

"இல்லப்பா. இப்ப பின்னாடி நிக்கிறேன். அவங்க போட வர்றத நடுவுல புடுங்குறது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு, "எத்தனை புடுங்கின?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. நம் ஸ்கோர் நோட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு இன்டர்செப்டையும் எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள். அதனால் மெக்கானிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். போன சனிக்கிழமை மேட்சில் ஆறு. ஒரு தடவை ஆளை விட்டுவிட்டு ஓடிவந்து கணக்குத் தப்பி, அது கோலாகிவிட்டது. அதையும் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இரண்டையும் சொன்னேன்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை